மகள் கடைசி அறையில், மகன் வாசலில்

ரோஜா இலையின் ஓரத்தில், கத்தரியால் நறுக்கியது போலச் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் அரைவட்டம் காணாமல் போயிருந்தால், பூச்சிமருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். புழு தின்ற இலை அப்படி இருக்காது. அதன் ஓரம் பிசிறடித்திருக்கும், பக்கத்து இலையில் எச்சம் சிந்தியிருக்கும், சில சமயம் நரம்பு மட்டும் மிஞ்சும். இது தின்பதற்காக வெட்டியதே அல்ல. இலைவெட்டித் தேனீ தன் பிள்ளைக்கு அறை கட்ட எடுத்துப் போன துண்டு. ரோஜா, காகிதப்பூ, துவரை என்று மெல்லிய, வழவழப்பான இலை எது கிடைத்தாலும் அதற்குச் சரிதான். செடிக்கு இதனால் ஒன்றும் ஆகிவிடாது.

தேனீ என்றதும் அடை, ராணி, வேலைக்காரிகள், தேன் என்று ஒரு பெரிய குடும்பம் நம் நினைவுக்கு வந்துவிடுகிறது. உலகில் பெயரிடப்பட்ட 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்களில் பெரும்பான்மைக்கு அந்தக் குடும்பம் கிடையாது. ஒரு பெண், ஒரு துளை, அவ்வளவுதான். நாம் எடுத்துக்கொள்ளத் தேன் சேர்க்காது. பாதுகாக்க அடை இல்லாததால் துரத்திக் கொட்டவும் வராது. கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். பெட்டித் தேனீயின் ராணி நல்ல பருவத்தில் ஒரே நாளில் 1,500 முட்டை வரை இடுகிறது. தனித்தேனீ தன் வாழ்நாள் முழுக்க இடுவது இருபது, முப்பது. அதனால் ஒவ்வொரு முட்டையையும் எங்கே வைப்பது என்பதில் அது காட்டும் கணக்கு கறாரானது. அந்தக் கணக்கு புரியாமல் நம் தோட்டத்தில் அதற்குக் கூடு என்று கட்டையில் துளை போட்டு வைத்தால் தேனீ வரும், கூடும் கட்டும், ஆனால் அடுத்த தலைமுறை பெருகாது.

துளையிலிருந்து தொடங்குவோம். இலைவெட்டித் தேனீயும் அதன் உறவான பிசின் தேனீயும் மரத்தைத் துளைப்பதில்லை. வேறு யாரோ விட்டுப்போன ஓட்டையைத் தேடிக் குடியேறுகின்றன: பட்ட மரத்தில் வண்டுப்புழு குடைந்த வழி, ஒடிந்த மூங்கில், ஜன்னல் சட்டத்தில் திருகாணி கழன்ற இடம், சுவரில் ஆணி பிடுங்கிய குழி. பிடித்த துளையிலிருந்து முதன்முறை வெளியே வரும்போது நேராகப் பறந்து போய்விடாது. வாசலைப் பார்த்தபடி திரும்பி, இடமும் வலமுமாக ஊஞ்சல் போல ஆடி, வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். சுற்றியுள்ள அடையாளங்களை அப்போதுதான் மனப்பாடம் செய்கிறது. கூடு கட்டத் தொடங்கிய பிறகு கட்டையை ஒரு மீட்டர் நகர்த்தி வைத்தால்கூட, அது பழைய இடத்தில் வெறும் காற்றைச் சுற்றிக்கொண்டிருப்பது இதனால்தான்.

கட்டுமானம் துளையின் அடிக்கோடியில் தொடங்கி வாசலை நோக்கி வரும். முதலில் நீள்வட்டத் துண்டுகள். இலை ஓரத்தில் உட்கார்ந்து, தாடையால் சில விநாடிகளில் வெட்டி, சுருட்டி, வயிற்றுக்கடியில் கால்களால் இடுக்கிக்கொண்டு பறக்கும். துளைக்குள் அந்தத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு அடுக்கி, ஓரங்களை மென்று ஒட்டவைத்து, தையற்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் போல ஒரு கிண்ணம் செய்கிறது. குதிரைமசால் விதை உற்பத்திக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் வளர்க்கும் இலைவெட்டித் தேனீ, ஓர் அறைக்குப் பதினைந்து துண்டு வரை செலவழிக்கும். பிறகு உணவு. மகரந்தத்தை இது பெட்டித் தேனீ போலக் காலில் உருண்டையாக ஒட்டிக் கொண்டுவராது. வயிற்றின் அடிப்புறத்து மயிரில் உலர்ந்த பொடியாகவே அப்பிக்கொண்டு வரும். பூவுக்குப் பூ உட்காரும்போது அதில் தாராளமாக உதிர்வதால்தான் மகரந்தச் சேர்க்கையில் இதற்கு இவ்வளவு மதிப்பு.

துளைக்குள் திரும்ப இடமில்லை. அதனால் முதலில் தலையை விட்டு நுழைந்து, வயிற்றிலிருந்த பூந்தேனைக் கக்கும். பின்பக்கமாகவே வாசல்வரை வந்து, வெளியே திரும்பிக்கொண்டு, இப்போது வால்முனையை முன்னே விட்டு நுழைந்து மகரந்தத்தைத் தட்டிவிடும். ஒரு தேனீ துளைக்குள் போய், வந்து, மறுபடி பின்னோக்கிப் போவதைப் பார்த்தால் கூட்டில் சமையல் நடக்கிறது என்று பொருள். இப்படிப் பதினைந்து, இருபது நடை நடந்தால் கிண்ணத்தில் பாதிக்கு மேல் களி நிறையும். அதன்மேல் ஒரு முட்டை. வட்டமாக வெட்டிய இலைகளால் மூடி. அந்த மூடியே அடுத்த அறைக்குத் தரை. வெயிலும் பூவும் ஒத்துழைத்தால் ஒரு நாளைக்கு ஓர் அறை முடியும்.

இனி அந்தக் கணக்கு. தேனீக்களில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். ஆணுடன் ஒருமுறை கூடியபோது பெற்ற விந்தணுவைத் தாய் ஒரு சிறு பையில் சேமித்து வைத்திருக்கிறது. முட்டை இறங்கும் நேரத்தில் பையைத் திறந்தால் மகள், மூடி வைத்தால் மகன். ஆகவே அடுத்து எது பிறக்க வேண்டும் என்பது தாயின் கையில் இருக்கிறது. துளையின் ஆழமான பகுதியில் மகள்களை வைக்கும், வாசலை ஒட்டி மகன்களை வைக்கும். மகள் உருவில் பெரியது. அதற்கு அறையும் பெரிது, களியும் அதிகம். மரங்கொத்தியோ எறும்போ ஒட்டுண்ணியோ வாசல் வழியாக வந்தால் முதலில் போவது மகன்கள்தான். மகன்கள் வளர்ந்து முடிப்பதும் முன்னதாகவே. அவை முதலில் வெளியேறினால்தான் பின்னால் இருப்பவற்றுக்கு வழி. வெளியே வந்து, அக்கம்பக்கத்தில் சுற்றிக்கொண்டு, பெண்கள் வரும்வரை காத்திருக்கும்.

தெற்கு பிரான்சின் செரிஞான் கிராமத்தில் பூச்சியியலாளர் ழான் ஆன்றி ஃபாப்ர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார். மண்ணால் அறைத்தடுப்பு வைக்கும் மேசன் தேனீக்கு நாணல் துண்டுகளையும் கண்ணாடிக் குழாய்களையும் நத்தை ஓடுகளையும் கொடுத்து, அளவை மட்டும் மாற்றினார். குறுகலான, ஆழமில்லாத இடத்தைக் கொடுத்தபோது அது ஆண் முட்டைகளை இட்டது. இடத்தை அளந்து பார்த்துத்தான் தாய் பிள்ளையை முடிவு செய்கிறது என்று அதிலிருந்து அவர் கண்டார். இன்றுவரை இப்படித் துளையில் குடியேறும் தேனீக்கு நாம் செய்யும் கூட்டுக்கு அடிப்படை விதி இதுதான்: ஆழம் குறைந்தால் மகன், விட்டம் குறுகினாலும் மகன்.

ஓர் ஆண் பல பெண்களோடு கூடும். பத்து மகன் கூடுதலாகப் பிறந்து அடுத்த பருவத்தில் ஒரு கூடுகூட அதிகமாகப் போவதில்லை. எண்ணிக்கையை ஏற்றுவது மகள் மட்டுமே.

இணையக் கடைகளில் ‘பீ ஹோட்டல்’ என்ற பெயரில் விற்கும் அலங்காரப் பெட்டிகளைக் கையில் எடுத்ததும் ஓர் ஈர்க்குச்சியைத் துளைக்குள் விட்டுப் பாருங்கள். ஐந்து, ஆறு சென்டிமீட்டரில் முட்டினால் அது ஆண்பிள்ளை விடுதி. நடுவில் பைன் காய்களும் மரப்பட்டைச் சில்லுகளும் அடைத்திருக்கும். அவை பார்ப்பவர் கண்ணுக்கு, தேனீக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. கண்ணாடி, பிளாஸ்டிக் குழாய் அதைவிட மோசம். களியின் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சை பிடித்து, வரிசை முழுக்க வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும்.

நல்ல கூடு செய்யச் செலவு அதிகமில்லை, அளவுதான் முக்கியம். நம் ஊர் இலைவெட்டி, பிசின் தேனீக்களுக்கு உள்விட்டம் 6 முதல் 10 மி.மீ. வரை கலந்திருக்கட்டும், அதில் பாதிக்கு மேல் 8 மி.மீ. ஆக இருப்பது நல்லது. ஆழம் 15 செ.மீ.; 6 மி.மீ. துளைக்கு 10 செ.மீ. போதும். மூங்கில் என்றால் கணுவுக்குச் சற்றுப் பின்னால் அறுக்க வேண்டும். கணுவே பின்சுவர் ஆகிவிடும். இரண்டு பக்கமும் திறந்த குழலில் பின்னாலிருந்து வெளிச்சம் தெரிந்தால் தேனீ எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். வாசல் விளிம்பை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குங்கள்; பிசிறு சிறகைக் கிழிக்கும். பச்சை மூங்கில் பூஞ்சை பிடிக்கும், அறுத்து அப்படியே காயவைத்தது உளுத்துப்போகும். இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, மாவுச்சத்து கரைந்த பிறகு நிழலில் உலர்த்தினால் உளுப்பது குறையும். பந்தல்காரர்கள் நெடுங்காலமாகச் செய்வதுதான்.

கட்டையில் துளை போடுவதானால் ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரண 8 மி.மீ. டிரில் பிட் ஏழெட்டு செ.மீ.க்கு மேல் இறங்காது. வீட்டில் செய்யும் கூடுகளில் பாதி கெடுவது இந்த இடத்தில்தான். நீளமான பிட் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மரத்தின் வெட்டுமுகத்தில் போட்டால் காயும்போது விரிசல் விடும், விரிசல் வழியாக ஒட்டுண்ணி நுழையும். பக்கவாட்டில் போடுவது மேல். வார்னிஷ், கரையான் மருந்து பட்ட கட்டையைத் தொடவே வேண்டாம்.

இதைவிட எனக்குச் சரியாகப் படுவது காகிதக் குழல். பழுப்புக் காகிதத்தைப் பென்சிலில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, விளிம்பை மைதாப் பசையால் ஒட்டி உருவினால் 7 மி.மீ. குழல் கிடைக்கும். ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்துவிட்டு, 9 மி.மீ. துளையிலோ பெரிய மூங்கிலுக்குள்ளோ செருகி வையுங்கள். நிறைந்ததும் தனியாக உருவி எடுக்கலாம். இந்த வசதி ஏன் அவசியம் என்பது பின்னால் வருகிறது.

மாட்டும் இடத்தைப் பற்றி ஐரோப்பியக் குறிப்புகள் தெற்கு வெயில் வேண்டும் என்று சொல்லும். அங்கே குளிர், அது சரி. சமவெளித் தமிழகத்தில் காலை வெயில் மட்டும் போதும். மேற்கு பார்த்த சுவரில் அக்னி நட்சத்திரத்துப் பிற்பகல் வெயில் விழுந்தால் குழலுக்குள் இருக்கும் புழு வெந்துவிடும். ஆகவே கிழக்கு. ஆனால் கடலோர மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை மழையும் அந்தப் பக்கத்திலிருந்தே சாய்த்து அடிக்கிறது. கூரை வாசலைத் தாண்டிப் பத்து செ.மீ. நீண்டிருக்க வேண்டும், குழல்கள் முன்பக்கம் மிகச் சிறிதளவு சரிந்திருக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரம் வசதி. கயிற்றில் தொங்கவிட்டு ஆடவிடாதீர்கள்; ஆடும் வாசலில் பாரத்தோடு வந்து இறங்குவது அதற்குக் கஷ்டம். குழல்களின் முகப்பை ஒரே சீராக அறுக்காமல் கொஞ்சம் முன்னும் பின்னுமாக விட்டால் தன் வாசலை அது விரைவில் கண்டுபிடிக்கும். இருநூறு முந்நூறு மீட்டருக்குள் துவரை, சணப்பு, கொளுஞ்சி, அவரை, துளசி ஏதாவது பூத்திருக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு நல்ல கூடும் காலியாகவே கிடக்கும்.

யார் குடிவந்திருக்கிறார்கள் என்பதை அடைப்பைப் பார்த்தே சொல்லலாம். வாசலில் வட்ட இலைகள் அடுக்கடுக்காக இருந்தால் இலைவெட்டி. கறுத்த, பளபளக்கும், விரலில் ஒட்டும் அடைப்பு பிசின் தேனீயுடையது. மண் அடைப்பு என்றால் அவசரப்பட வேண்டாம்: சில தேனீக்களும் மண் பூசும், குளவியும் பூசும். சுவிட்ச் போர்டின் ப்ளக் ஓட்டையை மண்ணால் அடைப்பது பெரும்பாலும் குளவிதான். உள்ளே மஞ்சள் களி இருந்தால் தேனீ. மயங்கிய பச்சைப் புழுவோ சிலந்தியோ அடுக்கியிருந்தால் குளவி. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம்மவர்கள் சொன்னது இந்தக் கூட்டைப் பார்த்துத்தான். புழுவைக் கொண்டுபோய் வைத்தது உண்மை, குளவி வெளியே வந்ததும் உண்மை, நடுவில் இருந்த முட்டைதான் கண்ணில் படவில்லை. அந்தக் குளவியை விரட்ட வேண்டியதில்லை, தோட்டத்துப் புழுக்களைத்தானே அள்ளிக்கொண்டு போகிறது. கனடாவின் டொரண்டோவில் 2011 முதல் 2013 வரை சுமார் 600 கூடுகளை வைத்துக் கவனித்த ஆய்வில், ஆண்டுதோறும் ஏறக்குறைய முக்கால்வாசிக் கூடுகளில் குளவிகள் இருந்தன. தேனீ என்று பெயர் எழுதி மாட்டினாலும் ஓட்டை எல்லோருக்கும் பொது.

ஒட்டுண்ணிகளைப் பற்றி அவ்வளவு நிதானமாகப் பேச முடியாது. கூர்வால் தேனீ என்று சொல்லத்தக்க ஒன்று உண்டு. தானும் தேனீதான், ஆனால் உழைக்காது. இலைவெட்டி வெளியே போன நேரம் பார்த்து நுழைந்து, ஊசி போன்ற வால்முனையால் இலைச்சுவரைக் கீறி முட்டையைச் செருகிவிடும். அதன் புழு அரிவாள் போன்ற தாடையோடு இருக்கும். வீட்டுக்காரப் பிள்ளையைக் கொன்றுவிட்டுக் களியைத் தின்னும். குயில் வேலை. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அறைக்கு ஒன்றுதான் போகும். மெலிட்டோபியா என்ற ஒட்டுண்ணிக் குளவி ஒன்றிரண்டு மி.மீ. நீளம்தான், ஆனால் ஒரே தேனீப் புழுவின்மேல் நூற்றுக்கணக்கில் பெருகி, அறை அறையாக ஊர்ந்து பக்கத்துக் குழல்களுக்கும் பரவும். பெட்டிக்கு முந்நூறு துளை போட்டவர்களுக்கு இது விரித்து வைத்த பந்தி. பதினைந்து துளை உள்ள சிறு கூடுகளாக நாலைந்து செய்து, தோட்டத்தில் தள்ளித்தள்ளி மாட்டுங்கள். நிறைந்த குழலில் குண்டூசித் துளைகள் தெரிந்தால் இரக்கப்படாமல் எடுத்து எரித்துவிட வேண்டும்.

எறும்புக்குக் கம்பத்தில் கிரீஸ் தடவலாம், அல்லது கம்பத்தின் அடியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தலாம். கூட்டின்மேல் மருந்தோ வேப்பெண்ணெயோ வேண்டாம். ரோஜாவுக்குக் குருணை மருந்து போடுபவர்கள் கவனிக்க வேண்டியது: செடிக்குள் ஊடுருவும் மருந்து இலையிலும் இருக்கும், அந்த இலைதான் புழுவுக்குப் படுக்கை.

கருவண்டைப் பற்றி இரண்டு வார்த்தை. முருங்கைப் பூவிலும் எருக்கிலும் உறுமிக்கொண்டு வரும் அந்தப் பெரிய தச்சுத் தேனீ மற்றவை போலல்ல, தானே துளைக்கும். பனங்கை, பட்ட முருங்கைக் கிளை, மூங்கில் எல்லாவற்றிலும் வட்டம் பிசகாத வாசல். மரத்தைத் தின்பதில்லை, குடைந்த தூளை எச்சிலில் குழைத்து அறைக்கு அறை தடுப்பு வைக்கும். மூங்கிலில் வண்டு துளைத்த ஓட்டையில் காற்றுப் புகுந்து குழல் ஊதுவதைச் சங்கப் பாட்டு பாடியிருக்கிறது. கத்தரி, தக்காளி, ஆவாரம் பூக்களின் மகரந்தப் பையை அதிரவைத்து உதிர்க்க இந்தத் தேனீக்கும் நீலப்பட்டைத் தேனீக்கும் தெரியும், பெட்டித் தேனீக்குத் தெரியாது. ஜன்னல் சட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் பெயின்ட் அடியுங்கள், பூசிய மரத்தை அது பெரும்பாலும் தவிர்க்கும். பக்கத்திலேயே ஒன்றரை, இரண்டு செ.மீ. உள்விட்டமுள்ள காய்ந்த மூங்கிலைக் கட்டிவிடுங்கள். முகத்துக்கு நேரே வந்து அந்தரத்தில் நிற்பது ஆண், அதற்குக் கொடுக்கே இல்லை.

நீலப்பட்டைத் தேனீ மண்ணில் குடைவது. உலகத் தேனீ இனங்களில் சுமார் 70 விழுக்காடு நிலத்தில்தான் கூடு கட்டுகின்றன. அவற்றுக்கு எந்தக் குழலும் பயன்படாது. பூசாத மண்சுவர், செதுக்காத வரப்பு, வெயில் படும் வெற்றுத்தரை வேண்டும். முற்றம் முழுக்க சிமென்ட் போட்டவர்கள் ஒரு ஹாலோ பிளாக்கில் களிமண்ணும் மணலும் குழைத்து அடைத்து, ஈரமாக இருக்கும்போதே பென்சிலால் நாலைந்து குழி குத்தி, காயவைத்து, மழை படாத இடத்தில் பக்கவாட்டில் சாய்த்து வைக்கலாம். நகத்தால் கீறினால் மண் உதிர வேண்டும். கீறவே முடியாவிட்டால் மணலைக் கூட்டுங்கள். சிமென்ட் ஒரு சிட்டிகைகூடக் கூடாது.

கடைசியாகத் துப்புரவு. ஐரோப்பிய மேசன் தேனீ ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். இலையுதிர் காலத்தில் கூட்டைப் பிரித்து, கூட்டுப்புழு உறைகளைக் கழுவி, குளிரில் வைப்பார்கள். அந்த நாட்காட்டியை இங்கே பின்பற்றினால் கொலைதான். நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் தேனீ வெளியேறி அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். எந்த மாதம் திறந்தாலும் ஏதாவது ஒரு குழலில் பிள்ளை இருக்கும். துப்புரவே செய்யாமல் விட்டாலோ, பழைய குழலில் பூஞ்சையோடும் உண்ணியோடும் புதுத்தாய் குடியேறும். உருவி எடுக்கும் காகிதக் குழல் இங்கேதான் கைகொடுக்கிறது. வாசல் அடைபட்ட அன்றே குழலின் விளிம்பில் பென்சிலால் தேதி போடுங்கள். ஒரு வாரம் போனதும் அதிராமல் உருவி, கிடைமட்டமாகவே பிடித்து, மூடிய அட்டைப் பெட்டிக்குள் படுக்கவையுங்கள். பெட்டியில் 10 மி.மீ. அளவில் ஒரே ஓட்டை, அது வெளிச்சத்தைப் பார்த்து இருக்கட்டும். பழைய கூடு இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, அதே நிழலில் பெட்டியை வையுங்கள். கூட்டில் காலியான இடத்தில் புதுக்குழலைச் செருகிவிடலாம். வெளியேறும் தேனீ வெளிச்சம் தேடி ஓட்டை வழியே போய்விடும், இருண்ட பெட்டிக்குள் பழைய குழலைத் தேடித் திரும்புவது அரிது.

முதலில் மகன்கள் வரும், சில நாள் கழித்து மகள்கள். சில அறைகள் மட்டும் வாய் திறக்காது. செத்தது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சில புழுக்கள் அந்தப் பருவத்தைத் தாண்டி உறங்கி அடுத்த பருவத்தில் எழும். தேதி போட்டு ஓராண்டு முடிந்த குழலை மட்டும் பிரியுங்கள். அடிக்கோடி அறையில் உறை உடையாமல் இருந்தால் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். கலகலவென்று காய்ந்த சத்தம் வந்தால் குப்பைக்கு; கனமாக, ஓசையில்லாமல் இருந்தால் திரும்பப் பெட்டிக்கு.